கேல்4: ஈஸ்டின் மரபணு சுவிட்ச்

‘மரபணுவை சுவிட்ச் மாதிரி தட்டலாம்’ என்று வகுப்பில் சொல்லிவிடுகிறோம். அந்த சுவிட்ச் எப்படி இருக்கும்னு ஒரு மாணவர் கேட்டால், ரொட்டி ஈஸ்டில் உள்ள கேல்4 புரதத்தைக் காட்டுங்கள்.

881 அமினோ அமிலங்கள். ஒரு முனை டி.என்.ஏ.வைப் பிடிக்கும்; ஆறு சிஸ்டீன்கள் இரண்டு துத்தநாக அயனிகளைக் கவ்வியிருப்பதால்தான் அதற்கு வடிவமே நிற்கிறது. இரண்டு கேல்4 ஜோடியாகச் சேர்ந்து 17 காரஇணை நீளமுள்ள இடத்தில் உட்காரும். மறுமுனை, மரபணுவைப் படியெடுக்கும் நொதியை வரவழைக்கும்.

கேலக்டோஸ் இல்லாதபோது கேல்80 என்ற புரதம் அந்த மறுமுனையை மூடிவிடும். கேல்4 எங்கேயும் போகாது. உட்கார்ந்த இடத்திலேயே வாய் கட்டப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கேலக்டோஸ் வந்ததும் அது கேல்3உடன் சேர, கேல்80இன் பிடி தளரும். அதனால், படம் வரையும்போது கேல்4ஐ டி.என்.ஏ.விலிருந்து தள்ளி வரையாதீர்கள். (குளுக்கோஸ் இருந்தால் கதை வேறு: கேல்4 உற்பத்தியே குறைந்துவிடும்.)

எனக்குப் பிடித்தது 1985இல் பிரென்ட்டும் டாஷ்னியும் செய்த சோதனை. பிடிக்கும் முனையை நீக்கி, லெக்ஸ்ஏ என்ற பாக்டீரியப் புரதத்தை ஒட்டினார்கள். ஈஸ்டுக்குள் லெக்ஸ்ஏ பிடிக்கும் இடத்தை வைத்ததும், பக்கத்து மரபணு இயங்கியது! பிடிப்பது ஒரு பகுதி, அழைப்பது இன்னொன்று. 1989இல் ஃபீல்ட்ஸும் சாங்கும் இவ்விரண்டையும் வெவ்வேறு புரதங்களில் ஒட்டினார்கள். அந்தப் புரதங்கள் ஒன்றையொன்று பற்றினால் மட்டுமே மரபணு இயங்கும்.