பாய்மரத்தைத் தின்பது யார்?

சின்னப் பாய்ப்படகுகளில் பாய்மரம் இப்போது பெரும்பாலும் அலுமினியக் குழாய்தான். எடை குறைவு. கயிறுகளைக் கட்டவும் பாயை இழுத்துப் பிடிக்கவும் அதன்மேல் எஃகுத் துண்டுகளை ரிவிட் அடித்துப் பொருத்துவார்கள். அதுவும் துருப்பிடிக்காத எஃகு. நம் எவர்சில்வர் தட்டின் உறவுக்காரர்.

அலுமினியமும் துருப்பிடிக்காது, இதுவும் துருப்பிடிக்காது. அப்புறம் என்ன கவலை? கடலில் நாள்பட ஓடிய படகில் அந்த எஃகுத் துண்டின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். கடல் உப்புதானே என்று விட்டுவிடாதீர்கள். அரித்துப்போன அலுமினியம் அது!

இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டி நின்று உப்புநீரில் நனைந்தால், அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவாகிவிடும். அலுமினியம் தன் எலக்ட்ரான்களை எஃகுக்குக் கொடுத்துக் கொடுத்தே கரையும். எஃகோ பளபளவென்று இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் உப்பும் புளிப்புமான குழம்பை விளிம்புவரை ஊற்றி, குழம்பில் படும்படி அலுமினியத் தாளால் மூடி இரவு முழுக்க வைத்தால், தாளில் பொடி ஓட்டைகள் விழலாம். (அந்தக் குழம்பு சோதனைக்கு மட்டும். வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்!)

இது பழைய தொல்லை. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை, 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு போர்த்தியது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களைத் தடுக்கத்தான். புழு வரவில்லை. ஆனால் 1763-இல் சோதித்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் உளுத்துப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. ஏன் தெரியுமா? தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் அங்கே இடையில் சிக்கியிருந்தது! யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல அது. எனக்கு மிகவும் பிடித்த காகிதத் துண்டு.

இன்றைக்குப் பாய்மரம் பழுதுபார்ப்பவர்களும் அதே வழியில்தான் போகிறார்கள். பழைய ரிவிட்டின் தலையைத் துளைக்கருவியால் எடுத்து, மிச்சத்தைத் தட்டித் தள்ளிவிட்டு, வெள்ளைப் பொடியைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறார்கள். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் தாளையோ, அரிப்பைத் தடுக்கும் பசையையோ இடையில் வைத்துப் புது ரிவிட் அடிக்கிறார்கள். இரண்டு உலோகமும் தொடாவிட்டால் பேட்டரியும் இல்லை.

துளை அரித்துப் பெரிதாகியிருந்தால் புது ரிவிட் பிடிக்காது. எஃகுத் துண்டைச் சற்று மேலேயோ கீழேயோ நகர்த்தி, நல்ல இடத்தில் துளைக்க வேண்டும். பழைய துளையின் பக்கத்திலேயே, அதே உயரத்தில் இன்னொன்று போடக்கூடாது. பலத்த காற்றில் பாய்மரம் வளையும்போது, ஒரே சுற்றில் இருக்கும் துளைகள் வழியாகத்தான் அது முதலில் முறியும்.