குத்துகிற கம்பளிக்கு ஒரு கணக்கு

ஹைதராபாத்தின் மேற்கு விளிம்பில், பி.எச்.இ.எல். தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த ராமச்சந்திராபுரத்தைக் கடந்து செல்லும் மும்பை நெடுஞ்சாலை, பழைய மேடக் மாவட்டத்தின் வழியே ஜஹீராபாத்தையும் சோலாப்பூரையும் நோக்கிப் போகிறது. மழை குறைந்த இந்தப் பீடபூமிதான் தக்காணிச் செம்மறியின் தாயகம். அதன் கருத்த மயிரைக் குருமா சமூகப் பெண்கள் நூற்பார்கள். ஆண்கள் குழித்தறியில் நெய்வார்கள். அப்படி உருவாவது கொங்கடி என்னும் கம்பளிப் போர்வை. மேய்ப்பவருக்கு அதுவே மழை முக்காடு, வெயிலுக்கு மறைப்பு, இரவில் விரிப்பு. இன்று அந்தத் தறிகளில் பெரும்பாலானவை ஓய்ந்துவிட்டன. கம்பளி மட்டமானது, அதனால் விலைபோகவில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அந்தத் தீர்ப்பை வழங்கிய அளவுகோலே இந்தக் கம்பளிக்குப் பொருந்தாதது என்பது என் வாதம்.

உலகச் சந்தை கம்பளியை மைக்ரான் கணக்கில் தரம் பிரிக்கிறது. இழை மெலிய மெலிய விலை ஏறும். மெரினோ இழையின் குறுக்களவு சுமார் 20 மைக்ரான். தக்காணி இழை 40 மைக்ரானைத் தொடும், தாண்டவும் செய்யும். உடலோடு ஒட்டும் ஆடைக்கு இந்த வரிசை சரி. தரைவிரிப்பின் வேலையோ வேறு: மிதிபட்டு வளைந்த இழை மீண்டும் நிமிர வேண்டும். ஓர் இழை வளைவை எதிர்க்கும் வலிமை அதன் குறுக்களவின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. குறுக்களவு இரட்டித்தால் வலிமை 16 மடங்காகும். சந்தை குறை என்று தள்ளுகிற தடிப்புதான் விரிப்பின் உயிர். பல தக்காணி இழைகளின் நடுவில் காற்றறைகள் நிறைந்த மையத்தண்டு ஒன்றும் ஓடுகிறது. சைக்கிள் சட்டத்தைக் கெட்டியான கம்பியில் செய்யாமல் குழாயில் செய்வதற்கான காரணம் இங்கேயும் பொருந்தும். குறுக்களவில் பாதி உள்ளீடற்றிருந்தால் எடையில் கால் பங்கு குறையும். வளைவை எதிர்க்கும் வலிமையிலோ பதினாறில் ஒரு பங்குதான் குறையும். அடைபட்ட காற்று குளிரையும் தடுக்கிறது.

நெசவாளர்களின் செய்முறையும் இதே இழையை அறிந்து வளர்ந்தது. கையால் நூற்ற முரட்டு நூல் தறியில் பிசிறும், அறுந்துபோகும். அதனால் பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி பூசுகிறார்கள். கொட்டையின் பருப்பிலுள்ள சைலோகுளுக்கான் என்னும் மாவுச்சத்து போன்ற பொருள், நீரில் வெந்ததும் பசையாகி, காய்ந்ததும் நூலின்மேல் படலமாகப் படிகிறது. சாயமும் தேவைப்படுவதில்லை, மயிரின் கருமையே மெலனின். கம்பளிப் புரதமான கெரட்டின் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை ஈரம் தெரியாமல் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சும்போது வெப்பத்தையும் வெளியிடும். பருவமழை இரவில் ஆட்டுப்பட்டியில் படுத்திருப்பவருக்கு இதன் பயன் பெரிது.

தக்காணிக் கம்பளி தோலைக் குத்துகிறது என்பது உண்மையான மறுப்பு. 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழையின் முனை மடங்காமல் தோலை அழுத்தி, வலி நரம்புகளைத் தூண்டுகிறது. ஆனால் குத்தவைப்பதும் மிதியைத் தாங்கவைப்பதும் அதே விறைப்புதான். ஒன்றை விலக்கினால் மற்றதும் போய்விடும். ஆகவே இதைச் சட்டைத் துணியாக்க முயல்வது வீண். காலடியில் விரிக்க வேண்டும். இன்னொரு மறுப்பு கனமானது: மையத்தண்டு மிகப் பெருத்த இழைகள் சாயம் பிடிக்காது, முறியும், விரிப்பிலிருந்து உதிரும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அத்தகைய இழைகளைப் பிரித்தெடுப்பதும், அவை குறைந்த கிடாக்களைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்வதும் கைக்கு எட்டாத வேலைகள் அல்ல.

பொருந்தாத அளவுகோலால் கம்பளியை மதிப்பிடும் இதே தவறு அமெரிக்காவின் நவஹோ மக்களிடம் நடந்திருக்கிறது. அவர்களுடைய சுர்ரோ ஆட்டின் மயிர் நீண்டது, முரடானது, எண்ணெய்ப் பசை குறைந்தது. கம்பளியும் இறைச்சியும் பெருகட்டும் என்று அரசு ராம்புயே என்ற மென்மயிர் இனத்தைக் கொண்டுவந்தது. 1930களில் மேய்ச்சல் நிலம் காக்கவென்று மந்தைகளையும் பெருமளவில் அழித்தது. புதிய கம்பளி குட்டையாக, சுருண்டு, பிசுபிசுத்தது. கைநூற்புக்கு ஒத்துவரவில்லை, விரிப்புகளின் தரமும் சரிந்தது. 1977இல் பேராசிரியர் லைல் மெக்நீல் எஞ்சிய ஆடுகளைத் தேடிச் சேர்த்து இனத்தை மீட்கத் தொடங்கினார்.

தெலங்கானாவில் ஆட்டை மாற்றுவது இறைச்சி விலை. 2017இல் மாநில அரசு 75 சதவீத மானியத்தில் செம்மறி ஆடுகளை வழங்கியபோதும் இலக்கு இறைச்சிதான். விரைவில் எடை கூடும் நெல்லூர் ஆடு போன்ற கம்பளியற்ற இனங்களை மேய்ப்பவர் விரும்புவதில் தவறு காண முடியாது. கத்தரித்த கம்பளி கத்தரிக்கும் கூலிக்கே கட்டுப்படியாகாதபோது அவர் வேறென்ன செய்வார்? அந்தக் கணக்கை மாற்றும் வாய்ப்பு வாங்குபவர் கையில் இருக்கிறது. தரைவிரிப்புக்கான கம்பளியை மைக்ரானால் மட்டும் எடைபோடாமல், அமுக்கினால் எவ்வளவு மீள்கிறது, தேய்த்தால் எவ்வளவு உதிர்கிறது என்று அளந்து தனிவிலை வைக்கலாம். இந்தச் சோதனைகள் விரிப்புத் தொழிலுக்குப் புதியவையும் அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கம்பளி இறக்குமதி செய்யும் நம் நாடு, மேடக்கில் கத்தரித்து வீணாகும் மயிரையும் ஒருமுறை அந்தச் சோதனைக்கு அனுப்பட்டும். அதே கேள்வியைத் திருச்சிக் கருப்பு ஆட்டின் முரட்டுக் கம்பளி பற்றித் தமிழ்நாட்டிலும் கேட்கலாம்.