"கொசுறு" வீரர் 13 அணிகளில் ஆடி சாதனை!
விலை போகாதவருக்குக் கடைசியில் கிடைத்தது சாம்பியன் மோதிரம்

கடையில் காய்கறி வாங்கினால், கடைக்காரர் கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலையை எடுத்துப் பையில் போடுவார். அதற்குப் பெயர் கொசுறு.

அமெரிக்காவில் ஒரு கூடைப்பந்து வீரர் பல தடவை இப்படித்தான் கைமாறினார். பெரிய வீரரை ஒரு அணி வாங்கும்போது, "இவரையும் சேர்த்துக் கொள்ளுங்கள்" என்று தள்ளிவிடப்பட்டார். ஆனால் அந்தக் கொசுறு ஆள், அந்த நாட்டுக் கூடைப்பந்தில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு சாதனையைச் செய்து காட்டிவிட்டார்.

மொத்தம் உள்ள 30 அணிகளில் 13 அணிகளின் சட்டையை அவர் மாட்டியிருக்கிறார்!

அவர் பெயர் இஷ் ஸ்மித். முழுப்பெயர் இஷ்மாயில் ஸ்மித். வடகரோலினா மாநிலம் சார்லட் நகரில் 1988-ம் ஆண்டு பிறந்தவர். பக்கத்து ஊரான கான்கார்டில் வளர்ந்தவர்.

யாரும் கூப்பிடவில்லை

இவருடைய உயரம் 6 அடி. நம்மூரில் 6 அடி ஆள் தெருவில் நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே 7 அடி ஆட்கள் கூடையை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே இவர் பொடியன்!

ஆனால் கால் பறக்கும். பந்தைத் தட்டிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அவர் ஓடினால், மறிக்க நினைப்பவர் திரும்புவதற்குள் பந்து கைமாறிவிடும்.

வேக் பாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்தார். கூட ஆடுபவர்களுக்குப் பந்து கொடுத்துப் புள்ளி எடுக்க வைப்பதில், அந்தக் கல்லூரி சரித்திரத்தில் மக்ஸி போக்ஸ் என்பவருக்கு அடுத்த இடம் இவருக்குத்தான். (அந்த போக்ஸ் 5 அடி 3 அங்குலம்! அதிலும் ஒரு குள்ளரே முதலிடம்.)

2010-ம் ஆண்டு என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைப் பொறுக்கி எடுத்தன. மொத்தம் 60 பேர். இஷ் ஸ்மித்தோடு ஒரே கல்லூரி அணியில் ஆடிய அல்-பரூக் அமினு 8-வது ஆளாக எடுக்கப்பட்டார். 60 பெயரும் படித்து முடித்தார்கள். இஷ் ஸ்மித் பெயர் அதில் இல்லை.

காரணம்? தூரத்தில் நின்று கூடையில் போடுவதில் இவர் சுமார்தான். "அவன் போடமாட்டான், விட்டுத் தள்ளு" என்று எதிராளி பின்வாங்கி நின்றுகொள்ளலாம். இந்தக் குறை கடைசி வரை இவர் கூடவே வந்தது.

மூட்டை கட்டு!

ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி இவரைச் சும்மா பார்க்கலாமே என்று சேர்த்துக்கொண்டது. இடத்தைப் பிடித்தார். சந்தோஷம் நாலைந்து மாதம்தான்.

2011 பிப்ரவரியில் ஷேன் பாட்டியர் என்ற அனுபவசாலியை மெம்பிஸ் அணி வாங்கியது. கூடவே இஷ் ஸ்மித்தும் மெம்பிசுக்குப் போனார். அதுதான் முதல் கொசுறு.

அதே ஆண்டு டிசம்பரில் கோல்டன் ஸ்டேட். சில ஆட்டம்தான். கழற்றி விட்டார்கள். 2012-ல் ஆர்லாண்டோ. 2013 பிப்ரவரியில் ஆர்லாண்டோ அணி ஜே.ஜே. ரெடிக் என்ற குறி தவறாத ஆட்டக்காரரை மில்வாக்கிக்குக் கொடுத்தது. பையில் இன்னொரு கறிவேப்பிலை! அதே ஆண்டு ஆகஸ்டில் மில்வாக்கியிலிருந்து பீனிக்ஸ்.

இதில் வீரரின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? கேட்கவே தேவையில்லை. அங்கே விற்கப்படுவது ஒப்பந்தம். ஒப்பந்தம் எங்கே போகிறதோ, ஆளும் அங்கே போகவேண்டும். "என்னை மாற்றக்கூடாது" என்று எழுதி வாங்க வேண்டுமானால் லீக்கில் 8 வருடமும் அதே அணியில் 4 வருடமும் ஆடியிருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு ஊர் போகிறவருக்கு அந்தப் பாக்கியம் ஏது?

விற்பதாவது பரவாயில்லை. விடுவிப்பது இன்னும் மோசம். ஒரு அணி "வேண்டாம்" என்று சொன்னால், 48 மணி நேரம் அந்த ஆள் அந்தரத்தில் தொங்குவார். அதற்குள் வேறு அணி கை தூக்கினால் பிழைத்தார். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பலருக்கு முழு வருடச் சம்பளமும் உறுதி கிடையாது. ஜனவரி பிறந்து சில நாள் வரை அணியில் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் மீதிப் பணம் நிச்சயம். அதனால் புத்தாண்டு வாரம் இவர்களுக்குக் கண்டம்! பத்து நாள் ஒப்பந்தம் என்றும் ஒன்று உண்டு. பத்து நாள் ஆடு, பிடித்திருந்தால் இன்னும் பத்து நாள். அதற்கு மேல் வேண்டுமானால் சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிவிட வேண்டும்.

இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களை அங்கே "ஜர்னிமேன்" என்கிறார்கள். மேஸ்திரியும் இல்லை, சித்தாளும் இல்லை. எங்கே சுவர் எழும்புகிறதோ அங்கே கரண்டியைத் தூக்கிக்கொண்டு போகிற கொத்தனார் மாதிரி. வேலை தெரியும். சொந்த வீடுதான் கிடையாது.

ஓசியில் விட்டு, விலைக்கு வாங்கினார்கள்!

2014-ல் மறுபடி ஹூஸ்டன். அங்கிருந்து ஓக்லஹோமா. 2015 பிப்ரவரியில் ஓக்லஹோமா இவரை நியூ ஆர்லியன்சுக்குத் தள்ளியது. நியூ ஆர்லியன்ஸ் ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் விடுவித்தது. பிலடெல்பியா கை தூக்கி எடுத்துக்கொண்டது.

பிலடெல்பியா அப்போது வேண்டுமென்றே தோற்கிறது என்று பேசப்பட்ட அணி. கடைசி இடத்தில் இருந்தால் அடுத்த வருடம் நல்ல இளம் வீரர் கிடைப்பார் என்ற கணக்கு. அந்த அணியில் இஷ் ஸ்மித் நன்றாகவே ஆடினார். ஆனாலும் அந்தக் கோடையில் அவரைத் தக்கவைக்கவில்லை.

அவர் வாஷிங்டன் போனார். சீசன் தொடங்கும் முன்பே அங்கே கழற்றிவிட்டார்கள். முன்பு ஆடவிடாமல் விடுவித்த அதே நியூ ஆர்லியன்ஸ் அணிக்கே போய்ச் சேர்ந்தார்.

அங்கே பிலடெல்பியாவில் என்ன நடந்தது? ஆடிய 31 ஆட்டத்தில் 30 தோல்வி! ஊரே சிரித்தது. பந்தை ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூட ஆள் இல்லை. இளம் வீரர்கள் திணறினார்கள்.

2015 டிசம்பர் 24. கிறிஸ்துமசுக்கு முதல் நாள். பிலடெல்பியா நிர்வாகம், எதிர்காலத்தில் இரண்டு வீரர்களைப் பொறுக்கும் உரிமையை விலையாகக் கொடுத்து இஷ் ஸ்மித்தைத் திரும்ப வாங்கியது. ஆறு மாதத்துக்கு முன் காலணா செலவில்லாமல் வைத்துக்கொண்டிருக்கலாம்!

அவர் வந்தபிறகும் அந்த அணி சாம்பியன் ஆகிவிடவில்லை. சீசன் முடிவில் 10 வெற்றி, 72 தோல்வி. ஆனால் அந்தப் பத்தில் ஒன்பது வெற்றி அவர் வந்தபிறகு கிடைத்தவை. வாழ்க்கையில் முதன்முதலாக, கொசுறாக இல்லாமல் அவருக்காகவே ஒரு அணி விலை கொடுத்தது.

அதன் பலன் 2016-ல் தெரிந்தது. டெட்ராய்ட் அணி 3 வருடத்துக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்தது. சாமானைப் பிரித்து அலமாரியில் அடுக்கி, மூன்று வருடம் ஒரே ஊரில் இருந்தார்.

முதல் ஆளும், பெயரே இல்லாத ஆளும்

டெட்ராய்டுக்குப் பிறகு 2019-ல் வாஷிங்டன். 2021-ல் பிறந்த ஊரான சார்லட். சொந்த ஊர் அணியில் முழு வருடம்கூட ஆடவில்லை. 2022 பிப்ரவரியில் மறுபடி வாஷிங்டனுக்கு விற்றார்கள்.

அப்போது அவர் கணக்கு 12 அணி. ஏற்கனவே 12 அணிகளில் ஆடிய நாலு பேர் இருந்தார்கள். சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், டோனி மாசன்பர்க், ஜோ ஸ்மித்.

இதில் ஜோ ஸ்மித் கதை வேடிக்கையானது. 1995-ல் நாட்டிலேயே முதல் ஆளாகப் பொறுக்கப்பட்டவர் அவர். 2000-ம் ஆண்டு மினசோட்டா அணி அவரோடு ரகசிய ஒப்பந்தம் போட்டது அம்பலமானது. அணிக்கு 35 லட்சம் டாலர் அபராதம்! ஒப்பந்தமும் ரத்து. அவர் டெட்ராய்ட் போனார். அடுத்த வருடமே மினசோட்டாவுக்குத் திரும்பினார். முதல் இடத்துக்காரரும், 60 பேரில் பெயரே வராதவரும் ஒரே பட்டியலில் வந்து நின்றார்கள்.

மாசன்பர்க்கோ, சான் அண்டோனியோவில் தொடங்கி ஊரெல்லாம் சுற்றி, 2005-ல் அதே சான் அண்டோனியோவில் சாம்பியனாகி ஆட்டத்தை முடித்தவர். ஊர் சுற்றிகளுக்கும் சில நேரம் அதிர்ஷ்டம் அடிக்கிறது.

13-வது அணி, முதல் மோதிரம்

2022 ஜூலையில் டென்வர் அணிக்கு கென்டாவியஸ் கால்டுவெல்-போப் தேவைப்பட்டார். வாஷிங்டன் கொடுத்தது. கூடவே யார்? இஷ் ஸ்மித்!

ஆனால் இந்தக் கொசுறுதான் யோகமாக அமைந்தது. டென்வர் அவருக்கு 13-வது அணி. அங்கே ஆடியதும் தனிச் சாதனை ஆகிவிட்டது. டென்வரில் நிகோலா யோகிச் என்ற செர்பியா நாட்டு ராட்சதர் ஆட்டத்தைத் தன் கையில் வைத்திருந்தார். இஷ் ஸ்மித்துக்குப் பெரும்பாலும் பெஞ்சுதான். பயிற்சியில் ஓட வேண்டும், இளையவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும், கூப்பிட்டால் எழுந்து போகவேண்டும்.

2023 ஜூன் 12. இறுதிச்சுற்றின் 5-வது ஆட்டம். டென்வர் 94, மயாமி 89. நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் டென்வர் சாம்பியன்! 1976-ல் என்.பி.ஏ.வில் சேர்ந்த அந்த அணிக்கு அதுதான் முதல் பட்டம். 34 வயதில் இஷ் ஸ்மித்துக்கும் முதல் மோதிரம்.

அடுத்த சீசன் அவர் போனது சார்லட் அணிக்கு. அது ஏற்கனவே ஆடிய அணி என்பதால் எண்ணிக்கை ஏறவில்லை. 13-லேயே நின்றது.