உள்ளங்கையில் ஓர் இசைப்பெட்டகம்

நுழையும்முன்

ஊராட்சி மன்றத்து வானொலியைச் சூழ்ந்து அமர்ந்து பாட்டுக் கேட்ட தலைமுறை ஒன்று. கூடத்தில் ஒலிநாடாப் பெட்டியை வைத்துக் கேட்ட தலைமுறை மற்றொன்று. இன்றோ கைப்பேசித் திரையைத் தொட்டதும் பாடல் ஒலிக்கிறது. ஆனால், அந்தப் பாடல் எங்கிருந்து வருகிறது? அது நம்முடையதா? நாளையும் நம்மிடம் இருக்குமா? ஒரு சிறு கணினியை வீட்டு இசைக்கருவியாக மாற்றும் முயற்சி, இவ்வினாக்களுக்கு விடை தேடத் துணைசெய்கிறது.

இரவல் இசையும் சொந்த இசையும்

அமெரிக்காவைச் சேர்ந்த தாமஸ் ஆல்வா எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை உருவாக்கினார். காற்றில் கரைந்து மறையும் குரலைப் பிடித்துவைக்க முடியும் என்பதை உலகம் அன்று அறிந்தது. அதன்பின் இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு எனப் பதிவின் வடிவங்கள் மாறின. எனினும், ஒன்றுமட்டும் மாறவில்லை. விலைகொடுத்து வாங்கிய தட்டும் நாடாவும் வாங்கியவரின் அலமாரியில் இருந்தன.

இணையவழி இசைச்சேவை இந்நிலையை மாற்றியது. சந்தா செலுத்தும்வரை பாடல்கள் கிடைக்கின்றன. செலுத்துவதை நிறுத்தினால் கதவு அடைபடுகிறது. உரிமம் முடிந்த பாடல் பட்டியலிலிருந்து மறைந்துபோவதும் உண்டு. இச்சேவைகள் பயனற்றவை அல்ல. புதிய இசையை அறிமுகம் செய்வதில் அவற்றுக்கு இணையில்லை. ஆயினும், நூலகத்தில் இரவல் பெற்ற நூலுக்கும் நம் வீட்டு அலமாரியில் உள்ள நூலுக்கும் வேறுபாடு உண்டன்றோ? அந்த அலமாரியை இசைக்கு அமைத்துக்கொள்ளும் எளிய வழிகளுள் ஒன்றே சிறு கணினி.

ராஸ்பெர்ரி பை பிறந்த கதை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயில விண்ணப்பிப்போரின் எண்ணிக்கையும், அவர்கள் நிரலெழுதுவதில் பெற்றிருந்த பட்டறிவும் குறைந்துவருவதை ஈபன் அப்டனும் அவருடன் பணியாற்றியோரும் கவனித்தனர். 1980களில் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக் கணினியில் தாமே நிரலெழுதிப் பழகினர். பின்வந்த கணினிகளோ பயன்படுத்துவதற்கு எளியனவாகவும், உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை அறிவதற்கு அரியனவாகவும் அமைந்தன. மாணவர் அஞ்சாமல் கையாளத்தக்க, விலை குறைந்த கணினி ஒன்று தேவை என்று அவர்கள் கருதினர்.

அந்த எண்ணத்தின் விளைவே ‘ராஸ்பெர்ரி பை’. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்கு வந்த அதன் முதல் வடிவத்தின் விலை 35 டாலர். ஏறத்தாழ 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரே பலகையில் செயலியும் நினைவகமும் இணைப்புத் துளைகளும் அமைந்திருந்தன. வன்வட்டுக்கு மாற்றாக, நகத்தளவு நினைவக அட்டைகளே பின்வந்த வடிவங்களில் அதன் இயங்குதளத்தைத் தாங்குகின்றன.

கற்பதற்கென உருவான இக்கருவியைப் பலரும் பல பணிகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினர். அவற்றுள் ஒன்று இசை. இசை ஒலிக்கும்போது இக்கணினி பொதுவாக 5 வாட்டிற்கும் குறைவான மின்திறனையே பயன்படுத்துகிறது. 5 வாட் எனக் கொண்டு நாள் முழுவதும் இயக்கினாலும் நாளொன்றுக்கு 0.12 யூனிட்டும், மாதத்திற்கு 3.6 யூனிட்டும் மட்டுமே செலவாகும். இப்பணிக்கு மின்விசிறி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. எனவே, மெல்லிய ஆலாபனைக்கு இடையே கருவியின் இரைச்சல் குறுக்கிடாது.

> தெரியுமா?
> ‘ஆப்பிள்’, ‘ஏப்ரிகாட்’ எனக் கணினி நிறுவனங்களுக்குப் பழப்பெயர் சூட்டும் மரபைப் பின்பற்றியே ‘ராஸ்பெர்ரி’ என்னும் பெயர் அமைந்தது. ‘பை’ என்பது ‘பைதான்’ என்னும் நிரல்மொழியைக் குறிப்பது.

ஒலி எண்ணாகும் விதம்

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அந்த அதிர்வு ஒலிவாங்கியில் மின்னலையாக மாறுகிறது. அலையின் உயரத்தை மிகச் சிறிய கால இடைவெளிகளில் தொடர்ந்து அளந்து எண்களாகக் குறித்துக்கொண்டால், ஒலி எண்களின் வரிசையாகிவிடும். இவ்வாறு அளத்தலைக் ‘கூறெடுப்பு’ என்பர்.

1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஒரு நொடிக்கு 44,100 முறை அலை அளக்கப்படுகிறது. ஏன் இத்தனை முறை? மனிதச் செவி உணரும் மிக உயர்ந்த அதிர்வெண் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையைப் பிழையின்றி மீட்க, அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்கிற்கும் மேற்பட்ட முறை அளக்கவேண்டும் என்பது கணித விதி. 44,100 என்னும் எண் அந்த எல்லையைக் கடந்து நிற்கிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளில் குறிக்கப்படுவதால், அலையின் உயரத்தை 65,536 படிகளில் வேறுபடுத்திக் காட்டலாம்.

இடம், வலம் என்னும் இரு தடங்களுக்கும் சேர்த்து ஐந்து நிமிடப் பாடல் ஒன்று ஏறத்தாழ 53 மெகாபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். இதனைச் சுருக்க இரு வழிகள் உள்ளன. தவில் ஓங்கி முழங்கும்போது அருகில் குலுங்கும் வளையலோசை செவியில் விழுவதில்லை. இவ்வாறு செவிக்கு எட்டாது எனக் கருதப்படும் பகுதிகளை நீக்கிவிடுவது ‘எம்பி3’ முறை. 128 கிலோபிட் வேகத்தில் சுருக்கினால் அதே பாடல் 5 மெகாபைட்டிற்குள் அடங்கிவிடும்; நீக்கிய பகுதியோ மீண்டும் வாராது. எதனையும் நீக்காமல், எண்வரிசையில் உள்ள ஒழுங்கைப் பயன்படுத்திச் சுருக்குவது ‘ஃபிளாக்’ முறை. இதில் கோப்பு பெரும்பாலும் பாதியளவிற்குக் குறையும். விரித்தால் மூலம் அப்படியே கிடைக்கும். முன்னது துணியின் இழைகளை உருவிச் சிறிதாக்குவது. பின்னது துணியை மடித்துவைப்பது. கைப்பேசியில் கேட்க எம்பி3 போதும். காத்துவைக்க வேண்டிய பதிவுக்கு ஃபிளாக் முறையே ஏற்றது.

எண் மீண்டும் ஒலியாதல்

கணினியில் எண்களாக உறங்கும் இசையை மீண்டும் மின்னலையாக மாற்றும் பகுதி ‘இலக்க – ஒப்புமை மாற்றி’ எனப்படும். சுருக்கமாக ‘டேக்’ என்பர். இசையின் தரம் இப்பகுதியைப் பெரிதும் சார்ந்தது.

ராஸ்பெர்ரி பையின் முதல் வடிவத்தில் இருந்த ஹெட்போன் துளை சிக்கனம் கருதி அமைக்கப்பட்டது. அதற்குத் தனி மாற்றி இல்லை. மின்துடிப்புகளை மிக விரைவாக எழுப்பி நிறுத்தி, அத்துடிப்புகளின் கால அளவை மாற்றுவதன் வாயிலாக அலையைப் போலச்செய்யும் முறை அதில் பயன்பட்டது. அதனால் மெல்லிய ஒலிகளின் பின்னணியில் இரைச்சல் கேட்கும். கற்பதற்குரிய கருவிக்கு அது குறையன்று, இசைக்கருவிக்குக் குறையே.

இதற்குத் தீர்வு எளிது. தனியாக விற்கப்படும் ‘டேக்’ பலகை ஒன்றைக் கணினியின் மேற்புறத்திலுள்ள ஊசிமுனைகளில் பொருத்தலாம். தலைமேல் அமர்வதால் இத்தகைய பலகைகளுக்குத் தொப்பி என்னும் பொருள்பட ‘ஹேட்’ எனப் பெயரிட்டுள்ளனர். யு.எஸ்.பி. துளையில் செருகும் மாற்றிகளும் உண்டு. மாற்றியிலிருந்து வெளிவரும் அலை வலுக்குறைந்தது. அதனை ‘ஆம்பிளிஃபயர்’ வலுப்படுத்த, ஒலிபெருக்கி காற்றை அதிரச் செய்கிறது. வீட்டில் பழைய ஆம்பிளிஃபயரும் ஒலிபெருக்கியும் நல்ல நிலையில் இருந்தால், அவற்றையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

திரையில்லாக் கணினி

இக்கணினிக்குத் திரையோ விசைப்பலகையோ தேவையில்லை. ‘மியூசிக் பிளேயர் டீமன்’ என்னும் கட்டற்ற மென்பொருள் பின்னணியில் அமைதியாக இயங்கிப் பாடல்களை ஒலிக்கச் செய்கிறது. அதற்குக் கட்டளையிடும் செயலி கைப்பேசியில் இருக்கும். சமையலறையில் உணவு ஆயத்தமாக, கூடத்திலிருந்து வேண்டியதைக் கேட்பதுபோன்ற ஏற்பாடு இது. கைப்பேசி அணைந்துபோனாலும் பாடல் நிற்பதில்லை. வீட்டிலுள்ள யாவரும் தத்தம் கைப்பேசியிலிருந்து அடுத்த பாடலைத் தெரிவுசெய்யலாம். வோலுமியோ, மூடு ஆடியோ போன்ற இயங்குதளத் தொகுப்புகள் இம்மென்பொருளை அடிப்படையாகக் கொண்டவை. நினைவக அட்டையில் அவற்றை எழுதிச் செருகினால், நிரல்மொழி அறியாதவரும் சிறிது நேரத்தில் கருவியை இயக்கத் தொடங்கலாம்.

பாட்டுக்குப் பெயர் சூட்டல்

பல்லாயிரம் பாடல்களைச் சேர்த்தபின் வேண்டியதைத் தேடி எடுப்பது எவ்வாறு? ஒவ்வொரு கோப்பினுள்ளும் பெயர், ஆண்டு முதலிய விவரங்களை எழுதிவைக்கலாம். கலைஞர், தொகுப்பு, தலைப்பு என்னும் மூன்று விவரங்களையே பல மென்பொருள்கள் முதன்மையாகக் கொள்கின்றன. மேலைநாட்டு இசைத்தட்டுகளுக்கு இது பொருந்தும். தமிழ்த் திரைப்பாடலுக்கோ பாடியவர் ஒருவர், இசையமைத்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர். ‘கலைஞர்’ என்னும் ஒற்றைக் கட்டத்தில் யாரை எழுதுவது? தேவாரப் பாடலுக்குப் பண்ணும் தலமும் வேண்டும். கீர்த்தனைக்கு இராகமும் தாளமும் வேண்டும்.

இயற்றியவர், பாடலாசிரியர், குறிப்பு ஆகியவற்றுக்கு உரிய கட்டங்களும் கோப்பில் உள்ளன. அவற்றைத் தமிழ் எழுத்திலேயே நிரப்பலாம். ஒருங்குறி முறையால் அவை பிழையின்றித் தோன்றும். பொறுமை வேண்டும் பணிதான். எனினும், பாடலாசிரியர் பெயரை ஒருமுறை எழுதும்போதே, இதுநாள்வரை யார் எழுதியதென்று அறியாமல் கேட்டுவந்த பாடலின் உரிமையாளரை நாம் அறிந்துகொள்கிறோம்.

பரணிலிருந்து பெட்டகத்திற்கு

விலைக்குக் கிடைக்கும் பாடல்கள் இங்கில்லையெனில் வேறெங்கேனும் கிடைக்கும். எங்கும் கிடைக்காத பதிவுகள் நம் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். பாட்டி பாடிய தாலாட்டு, திருமண வீட்டில் வாசித்த நாகசுரம், நடவு வயலில் எவரோ பதிந்த பாட்டு எனப் பல ஒலிநாடாக்களில் இருப்பவை அந்த ஒரே படியே. நாடாவின்மேல் பூசப்பட்ட காந்தத் துகள்களே ஒலியைத் தாங்கியுள்ளன. வெப்பமும் ஈரமும் பூஞ்சையும் அவற்றைச் சிதைக்கின்றன. அந்த நாடா அழிந்தால் அந்தக் குரலை எந்நிறுவனத்திடமும் விலைகொடுத்துப் பெற இயலாது.

இயங்கும் நிலையிலுள்ள ஒலிநாடாப் பெட்டி ஒன்றும், ஒலியை உள்வாங்கும் யு.எஸ்.பி. இணைப்பான் ஒன்றும் இருந்தால் இவற்றைக் காக்கலாம். ராஸ்பெர்ரி பையில் ஒலியை உள்வாங்கும் துளை இல்லாமையால் இணைப்பான் இன்றியமையாதது. அறுபது நிமிட நாடாவைப் பதிய அறுபது நிமிடம் ஆகும். விரைவுபடுத்த எளிய வழியில்லை. பதிந்ததை ஃபிளாக் கோப்பாக வைத்து, பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பவற்றை அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். குரல் மட்டும் எஞ்சி, யார் குரல் என்பது மறந்துபோவதும் ஓர் இழப்பே.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

இக்கருவிக்குக் குறைகளும் உண்டு. இயங்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டால் நினைவக அட்டையிலுள்ள கோப்புகள் பழுதாகலாம். எனவே, பாடல்களைத் தனி வன்வட்டில் வைப்பதும், வேறோர் இடத்தில் மற்றொரு படி வைத்திருப்பதும் நலம். ஒரே படியாக இருப்பது எதுவும் காக்கப்பட்டதாகாது. மேலும், பிறர் உழைப்பில் உருவான பாடலை உரிமையின்றிப் படியெடுத்துப் பரப்புதல் குற்றமாகும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒலிப்பதிவுக்கான உரிமை அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. பெட்டகம் நம்முடையதாக இருப்பதுபோல, அதில் வைக்கும் பொருளும் நேரிய வழியில் வந்ததாக இருத்தல் வேண்டும்.

கருவியை அறிந்த கேள்வி

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, யாழாசிரியன், குழலோன், தண்ணுமையோன் ஆகியோர் பெற்றிருக்க வேண்டிய தகுதிகளை விரித்துரைக்கிறது. தாம் கையாளும் கருவியை முற்ற அறிந்தவரே இசைக்கத் தக்கவர் என்பது அன்றைய நெறி. இன்று கேட்பவர் கையிலும் கருவி இருக்கிறது. மூடிய பெட்டியிலிருந்து வரும் இசையைக் கேட்பதோடு நின்றுவிடலாம். அல்லது, பெட்டியைத் திறந்து, ஒலி எண்ணாகி, எண் மீண்டும் ஒலியாகும் வழியைப் பின்தொடர்ந்தும் அறியலாம். அவ்வாறு அறிந்தவர், பழுதானால் திருத்துவார், போதாதெனில் மேம்படுத்துவார், பரணில் கிடக்கும் நாடாவை இறக்கித் தூசி துடைப்பார். அந்த வீட்டில் பாட்டியின் தாலாட்டு மீண்டும் ஒலிக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கண்டறிந்து, அதில் ஒலிப்பவர், ஊர், ஆண்டு, பதிவான சூழல் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.
2. நீங்கள் விரும்பிக் கேட்கும் பத்துப் பாடல்களுக்கு, பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் ஆகியோரின் பெயர்களைக் கொண்ட அட்டவணை ஒன்றைத் தமிழில் அமைக்க.
3. ‘இரவல் இசையும் சொந்த இசையும்’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.