பிபி மெஷின் பொய் சொல்லுமா?

இந்த எபிசோடை என் தப்புலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். போன தடவை ஊருக்குப் போறப்ப அம்மாவுக்கு ஒரு டிஜிட்டல் பிபி மெஷின் வாங்கிட்டுப் போனேன். அம்மா அப்பதான் தண்ணிக் குடத்தை இறக்கி வெச்சாங்க. ஜாக்கெட் கைமேலயே பட்டையைச் சுத்தி பட்டனை அமுக்கிட்டேன். மெஷின் உறுமிக்கிட்டு இருக்கு, அம்மா பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதையைச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. 158-க்கு 94. எனக்கு பதறிடுச்சு. கொஞ்ச நேரம் சும்மா உட்கார வெச்சு, பேச விடாம திரும்ப எடுத்தா 136-க்கு 84.

அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுலதான் 140-க்கு 90ங்கிற கோடு இருக்கு. அதைத் தாண்டினா மருந்தைக் கூட்டலாமான்னு டாக்டர் யோசிப்பார். பொய்யான அதிக எண்ணை நம்பி மருந்து கூடினா, தலைசுற்றல், வயசானவங்க கீழ விழறது. பொய்யான குறைஞ்ச எண்ணுன்னா, பக்கவாதம் வர்ற வரைக்கும் யாருக்குமே தெரியாது.

யூடியூப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்த நானே இப்படின்னா, ஒரு நாளைக்குப் பல வீடு ஏறி இறங்கறவங்க நிலைமை? 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல வீடு தேடிப் போய் பிபி, சுகர் பார்க்கிற தன்னார்வலர்கள் டாக்டரோ நர்ஸோ கிடையாது. சுய உதவிக் குழுக்கள்லேர்ந்து வந்த பெண்கள். அவங்க கையில இருக்கிறதும் இதே மாதிரி மெஷின்தான்.

அது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். பழைய பாதரச மெஷின்ல டாக்டர் ஸ்டெத்தை வெச்சு ரத்தம் பாயற சத்தத்தைக் காதால கேட்பார். பாதரசம் விஷம்ங்கிறதால அதை ஒழிக்க 2013-ல மினமாட்டா ஒப்பந்தம் வந்துச்சு, 2018-ல இந்தியாவும் ஏத்துக்கிச்சு. டிஜிட்டல் மெஷினுக்குக் காது இல்ல. காத்து இறங்கும்போது ரத்தக்குழாய் துடிக்கிறது பட்டையில சின்னச் சின்ன அதிர்வா வரும். அந்த அதிர்வை வெச்சு உள்ளே இருக்கிற ஒரு கணக்கு மேல் அளவையும் கீழ் அளவையும் சொல்லுது. கை அசைஞ்சா அதுவும் அதிர்வுதான். இதயத்துடிப்பு தாறுமாறா இருக்கிறவங்களுக்கும் அந்தக் கணக்கு தடுமாறும்.

மெஷின் தப்பா காட்டுறதுக்கு முன்னாடியே நாம தப்பு பண்றது அதிகம். பேசினா மேல் அளவு சுமார் 10 பாயின்ட் ஏறும். ஒண்ணுக்கை அடக்கிக்கிட்டு உட்கார்ந்தாலும் அதே அளவு ஏறலாம். கையை நெஞ்சு மட்டத்துல மேசையில வைக்காம தொங்கப் போட்டா 6, 7 பாயின்ட் கூடும். அஞ்சு நிமிஷம் உட்கார வைங்கன்னு சொல்றது சுலபம். நூறு நாள் வேலைக்குக் கிளம்பி வாசல்ல நிக்கிற பாட்டியை உட்கார வெச்சுப் பாருங்க, தெரியும்.

இன்னொரு விஷயம். டிஜிட்டல் மெஷின் எடுத்த அளவுகள்ல, தோராயமா பத்துக்கு ஒண்ணுதான் 0-ல முடியணும். ஒரு நோட்டைத் திறந்தா வரிசையா 120, 130, 140-ன்னே இருந்தா அது மெஷின் சொன்ன எண் இல்ல, யாரோ ரவுண்டு பண்ணது, இல்லைன்னா அளக்காமலே எழுதினது. இதைக் கண்டுபிடிச்சதும் மெமோ கொடுக்கிறதுல எனக்கு உடன்பாடில்ல. பேட்டரி தீர்ந்திருக்கலாம், இலக்கு எட்டாததா இருந்திருக்கலாம், ஒரே எண்ணை நோட்டுலயும் போன்லயும் ரெண்டு தடவை எழுதச் சொல்லியிருக்கலாம். முதல்ல அதைக் கேட்கணும்.

அதனாலதான் ஒரு நாள் ஹால்ல உட்கார வெச்சு ஸ்லைடு காட்டற பயிற்சி எனக்குப் போதாதுன்னு படுது. ஒருத்தருக்கொருத்தர் கையில கட்டிப் பழகணும். வேணும்னே பேசவிட்டு ஒரு தடவை, பேசாம ஒரு தடவை எடுத்துப் பார்த்தா, அந்த வித்தியாசத்தை யாரும் மறக்க மாட்டாங்க. அப்புறம் சில வாரம் கழிச்சு அனுபவமுள்ள ஒரு நர்ஸ் கூடவே நாலு வீடு நடந்து வரணும். ஆப்பும் அவங்க வேலையைக் குறைக்கணும். பஞ்சாப் உட்பட சில மாநிலங்கள்ல பயன்படுத்தற ‘சிம்பிள்’ ஆப்ல, நோயாளியோட கார்டுல இருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணா அவங்க பக்கம் திறந்துடும், பெயர் தேடி அலைய வேண்டாம்.

பட்டையோட அளவைச் சொல்லாம விட்டுட்டேனே. பருமனான கைக்குச் சின்னப் பட்டையைச் சுத்தினா எண் எகிறும். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2023-ல வெளியிட்ட ஆய்வுல, மிகப் பெரிய பட்டை தேவைப்படறவங்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினப்ப மேல் அளவு ஏறக்குறைய 20 பாயின்ட் கூடக் காட்டியிருக்கு. இதைப் படிச்சதும் போன் பண்ணி அம்மாவோட மேல்கைச் சுற்றளவை டேப்பால அளக்கச் சொன்னேன். 34 செ.மீ. மெஷினோட வந்த பட்டையில 22–32-ன்னு அச்சடிச்சிருக்கு. அப்போ அந்த 136-ம் சரியில்ல. பெரிய பட்டை ஆர்டர் போட்டிருக்கேன்.