பட்டா இல்லாதவருக்கும் சட்டத்தில் இடமுண்டு

மேலூர் வட்டம், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ரத்து செய்தது. ஏலப் பரப்பு ஏறத்தாழ 5,000 ஏக்கர். 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அதனால் தப்பியது. மக்கள் போராட்டத்தோடு கிராம சபைத் தீர்மானங்களும் கைகொடுத்தன.

ஆனால் சுரங்கம் வந்திருந்தால், நிலமே இல்லாத நம் கூலிக் குடும்பங்களை யார் கணக்கில் எடுத்திருப்பார்கள்? இழப்பீடு என்றதும் முதலில் கேட்பது பட்டாவைத்தான்.

2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் பட்டாதாரரோடு நின்றுவிடவில்லை. கையகப்படுத்துவதற்கு முன் மூன்று ஆண்டுகள் அப்பகுதியில் உழைத்து, அதையே முக்கியப் பிழைப்பாகக் கொண்ட விவசாயக் கூலிகளும் குத்தகைதாரர்களும்கூட ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’தான். மறுவாழ்வு கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு. சுற்றுச்சூழல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்கள் நம் தெருக்களுக்கும் வந்து, இக்குடும்பங்களைப் பட்டியலிட்டுச் சாட்சியம் சேர்க்க வேண்டும்.

நாமும் கிராம சபையில் எழுந்து பேச வேண்டும். பேசியது பதிவேட்டில் ஏற வேண்டும். அந்த இடம் நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. இதே மேலூர் வட்டத்து மேலவளவில், தனித்தொகுதி ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

அடுத்த கிராம சபைக்கு, சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் மனு எழுதட்டும். கூலி வேலைக்குப் போகும் பெரியவர்கள் தம் பெயரைச் சொல்லிக் கையெழுத்திடட்டும்.