மாறியதை மட்டும் மாற்றுவோம்

பெரிய கணினி நிரல் ஒன்றில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும். நாம் எழுதும் கோப்புகளைக் கணினியின் மொழிக்குப் பெயர்ப்பது ‘கம்பைலர்’. ஒரு வரியைத் திருத்தியதற்காக எல்லாவற்றையும் மறுபடி பெயர்த்தால் நேரம் வீணாகும்.

நம் அரசலாற்று மதகு ஒன்றை அடைத்தால், அதன் வாய்க்கால் பாயும் வயல்களுக்குத்தான் நீர் குறையும். அவற்றை மட்டும் பார்த்தால் போதுமல்லவா? அதுபோல, எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று குறித்து வைத்தால், மாறிய கோப்பையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் பெயர்க்கலாம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய ‘மேக்’ இதைச் செய்கிறது. அவருடைய நண்பர் ஒருவர் பிழையைத் திருத்தியும், அக்கோப்பு மறுபடி பெயர்க்கப்படாததால், சரியான நிரலிலேயே ஒரு காலைப்பொழுது முழுவதும் பிழை தேடினாராம்! அதுவே ‘மேக்’ பிறந்த கதை. சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளத்தின் உட்கருவான லினக்ஸும் ‘மேக்’ கொண்டே கட்டப்படுகிறது.

‘மேக்’ கோப்பு மாறிய நேரத்தைப் பார்க்கும். பின்னர் வந்த ‘சி-கேஷ்’ கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்து, முன்பே பெயர்த்தது இருந்தால் சேமிப்பிலிருந்து எடுத்துத் தரும்.

ஆனால் ஒரு சார்பைக் குறிக்க விட்டுவிட்டால், பழையதே புதியதைப் போல் நின்றுவிடும், எச்சரிக்கையும் வராது. ஆகவே உழைப்பை மிச்சப்படுத்த விரும்பும் நாம், எது எதைச் சார்ந்தது என்பதை முதலில் ஒன்றுவிடாமல் குறிக்கப் பழகுவோமாக!